வாசலில் ஒரு நீரோட்டம்

நேயர்களுக்கு வணக்கம். பாய்மரப் படகில் மேரியன் தீவு வரைக்கும் போய் வந்தீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று நம் டர்பன் வானொலியில் கூப்பிட்டார்கள். கையில் ஐந்து நிமிஷம்.

மேரியன் நம் தென்னாப்பிரிக்காவின் தீவுதான். 1947 கடைசியில் அங்கே நம் கொடி ஏறியது. டர்பனிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். நாங்கள் நாலு பேர் போனோம். எனக்குச் சமையல், கயிறு இழுப்பது, ராத்திரிக் காவல். வீட்டில் ஒரே சண்டை. "அங்கே காற்று கர்ஜிக்குமாமே, இந்த வயசில் இது தேவையா?" என்றாள் என் மனைவி. டர்பன் தமிழர்களான நம் ஆட்களுக்குக் கடல் புதிதா என்ன? 1917 அக்டோபரில் இங்கே உம்கேனி ஆறு பெருகியபோது ஒரு படகில் போய்ப் போய் 176 பேரை மீட்டது மாரிமுத்து படவட்டான் உட்பட ஆறு மீனவர்கள். எனக்கு அந்தப் பேரிலேயே 'படவு', அதாவது படகு, கேட்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பயம் தெற்கே இல்லை நேயர்களே, நம் வாசலில் இருக்கிறது. டர்பன் நார்த் பீச்சில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறோமே, அந்தக் கடலுக்குள் கொஞ்ச தூரம் போனால் அகுல்ஹாஸ் நீரோட்டம். வெதுவெதுப்பான தண்ணீர், கருநீலம், சில சமயம் மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் தென்மேற்கே ஓடும். எதிரே தென்மேற்குக் காற்று வந்ததோ, போச்சு. தரையில் விரித்த பாயை இரண்டு பக்கமிருந்தும் தள்ளிப் பாருங்கள், நடுவில் கூன் போட்டு எழும்புமில்லையா? அலையும் அப்படித்தான் சுவராக நிற்கும். 1909 ஜூலையில் இங்கிருந்து கிளம்பிய 'வராட்டா' நீராவிக் கப்பல் 211 பேரோடு மறைந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை.

அதனால்தான் நாலு நாள் துறைமுகத்திலேயே கிடந்தோம். வெயில் பளிச்சென்று அடிக்கிறது, இதமான வடகிழக்குக் காற்று. "கிளம்பலாமே கேப்டன்" என்றேன். அவர் பேசவில்லை, காற்றழுத்தமானியின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் இறங்கியது; காற்றழுத்தம் குறைகிறது, காற்று மாறப் போகிறது என்று அர்த்தம். சாயங்காலம் காற்று சட்டென்று நின்றது. அரை மணி நேரத்தில் தென்மேற்கு வந்து, பாய்மரக் கம்பிகளெல்லாம் ஊளையிட்டன. நான் கிளம்பச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் நீரோட்டத்தின் நடுவில் இருந்திருப்போம். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: முள் இறங்கும்போது கிளம்பக் கூடாது. முள் ஏறி, தென்மேற்கு ஓய்ந்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

தென் அட்சரேகை நாற்பது பாகைக்குத் தெற்கே அலை பெரியதுதான். உலகத்தைச் சுற்றி வரும் மேற்குக் காற்றைத் தடுக்க அங்கே நிலமே இல்லையே. ஆனால் அது நீள அலை, மலைச்சாலை மாதிரி ஏறி இறங்கலாம். தொல்லை எனக்கு அடுக்களையில்தான். அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும், என்னை வாரால் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ரசம் கொதித்துவரும் நேரம், படகு பக்கவாட்டில் ஒரு குலுக்கு. புளியும் மிளகும் கேப்டனின் வரைபடத்தின் மேல்! மேரியனுக்கு மேற்கே இன்னும் அந்தக் கறை இருக்கிறது. மனுஷன் திட்டவில்லை. விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு குறைவு என்றார்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் தம்பி ஒரு விரல் காட்டுகிறார், ஒரு நிமிஷம்தான் மிச்சம். தீவைப் பற்றி இன்னும் பேசவே இல்லையே! இறங்க அனுமதி கிடையாது. பன்னிரண்டாம் நாள் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது, பென்குயின் கூட்டத்தின் நாற்றம். பிறகு மூட்டம் விலகி, கறுப்பு எரிமலைப் பாறை, மேலே பாசிப் பச்சை, இருபது நிமிஷம். 1949-இல் எலி பிடிக்கக் கொண்டுபோன ஐந்து பூனைகள் ஆயிரக்கணக்கில் பெருகிப் பறவைகளைத் தின்றன. 1991-க்குள் பூனைகளை ஒழித்தார்கள். எலி மிஞ்சிவிட்டது. மூன்று மீட்டருக்கு மேல் சிறகு விரிக்கிற அல்பட்ராஸ் என்ற கடல் பறவையைக்கூட, கூட்டில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சுண்டெலி கடித்துத் தின்கிறது. எலியை ஒழிக்க ஒரு பெரிய திட்டம்... சரி, சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.