காமன் கூத்துக்குக் குடும்பத்தோடு போகும்போது

பெரியோர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சிவன் மன்மதனை எரித்த கதையை நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பல இரவுகள் ஆடுவதுதான் காமன் கூத்து. காமன், மதன் என்பதெல்லாம் மன்மதனின் பேர்தான். மாசி பிறந்தால் கொழும்பில் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகள் "காமன் எரிப்பு எப்ப?" என்று போனில் கேட்கத் தொடங்குவார்கள். கேட்பது சந்தோஷம்தான். ஆனால் எரிப்புக்கு மட்டும் வந்து போகிற பழக்கம் நமக்குள் வளர்ந்துவிட்டது. அப்படி வருகிற பிள்ளை நெருப்பைப் பார்க்கும், கூத்தைப் பார்க்காது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை வாக்கில் காமன் பொட்டலில், அதாவது கூத்து ஆடும் வெளியில், கம்பம் ஊன்றுவார்கள். அன்று தொடங்கி வளர்பிறை முழுக்க ஆட்டம் இருக்கும். ரதி மதன் கல்யாணம், சிவனின் தவம், தவத்தைக் கலைக்க மதனுக்கு வரும் அழைப்பு, பௌர்ணமியை ஒட்டித் தகனம், பிறகு மதனை எழுப்புவது என்று கதை நாள்கணக்கில் நகரும். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் முன்பின்னாகும். ஆகவே கலண்டரைப் பார்த்து முடிவு செய்யாமல், கோயில் கமிட்டியிடமோ கூத்து மாஸ்டரிடமோ கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

எல்லா இரவுக்கும் வர முடியாது. இரண்டு இரவாவது வாருங்கள்: கல்யாண இரவு, தகன இரவு. போயா என்கிற பௌர்ணமி நாள் அரசாங்க விடுமுறை என்பதால் பௌர்ணமிக்கு லீவு கிடைத்துவிடும். மறுநாளுக்கும் லீவு சொல்லி வையுங்கள். விடிய விடியக் கண் விழித்தவர்கள் காலையில் வேலைக்கு ஓட முடியாது.

கல்யாண இரவை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? இந்தக் கூத்தின் உயிர் ரதியிடம் இருக்கிறது. மதன் புறப்படும்போது ரதி தடுக்கிறாள். போகாதே என்கிறாள். அவன் கேட்பதில்லை. பாட்டுக்குப் பாட்டு இருவரும் தர்க்கம் செய்வார்கள். மதன் எரிந்த பிறகு அவள் வைக்கும் ஒப்பாரி, நம் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எழவு விழுந்தால் அம்மாமார் வைக்கிற அதே ஒப்பாரி. அந்த இடத்தில் சுற்றியிருக்கும் பெண்களின் முகத்தைப் பாருங்கள். ரதி வேடம் கட்டியிருப்பவர் மீசை மழித்த ஓர் ஆண் என்பது யாருக்கும் நினைவில் இருக்காது. கல்யாணத்தைப் பார்த்திருந்தால்தான் அந்த அழுகை பிள்ளைக்கு விளங்கும்.

வருகிற வழியில் பஸ்ஸிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். மன்மதனுக்குக் கரும்பு வில், வண்டுகள் நாண், ஐந்து பூக்கள் அம்பு: தாமரை, மா, அசோகு, முல்லை, நீலோற்பலம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், மன்மதன் சாம்பலாகிறான், பிறகு ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுகிறான். இவ்வளவு போதும். பூக்களின் பேரைத் தெரிந்துகொண்டு வருகிற பிள்ளை, அம்பு எய்கிற நேரம் தூங்காது.

"எட்டு மணி என்றார்களே, இன்னும் தொடங்கவில்லையே" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூத்துக்கு அடிக்கும் தப்பு என்கிற பறை தோலால் ஆனது. மலையில் பனி இறங்கினால் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும், சத்தம் அமுங்கிப் போகும். அதனால் கவ்வாத்து மிலாறை, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சிகளை, கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டி முறுக்கேற்றுவார்கள். கிட்டக் காட்டினால் தோல் வெடிக்கும், எட்டக் காட்டினால் சூடு ஏறாது. விரலால் தட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இரவில் இது பல தடவை நடக்கும். பிள்ளைகளை அந்த நெருப்பண்டை கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒரு கையில் குட்டையான கனத்த குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த சிம்பு. அடியின் கனம் முதலாவதில், துடிப்பு இரண்டாவதில். இதைக் கண்டுகொண்ட பிள்ளைக்கு, ஆள் மாறும்போது அடி மாறுவதும் காதில் விழும்.

குளிரை லேசாக நினைக்காதீர்கள். மாசியில் மழை குறைவு, வானம் வெளுத்திருக்கும், அதனாலேயே பின்னிரவில் குளிர் கடுமையாக இறங்கும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். ஹட்டன் பக்கமும் சும்மா இல்லை. காதை மூடும் தொப்பி, காலுறை, ஆளுக்கொரு கம்பளி, உட்கார ஒரு சாக்கு அல்லது படங்கு. படங்கு இல்லாவிட்டால் தரையின் பனி நேராக இடுப்புக்கு ஏறும், அரை மணியில் பிள்ளை வீட்டுக்குப் போவோம் என்று அழத் தொடங்கும். பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணீர், தேங்காய் ரொட்டி, சம்பல், டோர்ச். தேயிலைக்குள் இருக்கும் குறுக்குப் பாதையில் இரவில் இறங்க வேண்டாம். கான், அதாவது தண்ணீர் வடிகிற பள்ளம், எங்கே இருக்கிறதென்று தெரியாது.

தகன இரவில் இடம் பிடிப்பது முக்கியம். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கம்பத்தை நோக்கி வீச வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் புகையும் தீப்பொறியும் உங்கள் மேல்தான். எமன், வீரபத்திரர் வேடங்கள் வரும்போது சாமி வந்து ஆடுவதுண்டு. கூட்டம் திடீரென்று பின்வாங்கும், அந்தத் தள்ளுமுள்ளில்தான் சின்னவர்கள் விழுகிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை மடியிலோ தோளிலோ வையுங்கள். பொட்டலுக்குள் செருப்போடு போகாதீர்கள், ஆட்டத்தின் குறுக்கே நடக்காதீர்கள். போன் வெளிச்சத்தை ஆடுகிறவர் கண்ணில் அடிக்காதீர்கள். காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுகிறவர்கள் அவர்கள்.

இதற்கு டிக்கெட் கிடையாது என்பதால் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போவது சரியில்லை. தப்படிப்பவர்களின் கையில் பணத்தை நேரில் கொடுங்கள். தோல் மாற்றுகிற செலவு பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.