கையெழுத்தில்லாத வசை

நண்பர்களே, எழுத்தாளர்கள் முன்கோபக்காரர்கள், அதனால்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1821-இல் லண்டனில் ஜான் ஸ்காட் என்ற பத்திரிகை ஆசிரியர் செத்த கதையைக் கேளுங்கள்.

எடின்பரோவில் 'பிளாக்வுட்ஸ்' என்று ஒரு பத்திரிகை. லீ ஹன்ட், கீட்ஸ் போன்ற ஆங்கிலக் கவிஞர்களுக்கு 'காக்னி' கவிகள், அதாவது லண்டன் பாமரக் கவிகள், என்று பட்டம் கட்டி, 1817 முதல் அது வசைபாடியது. கவிதையோடு நிற்கவில்லை; பிறப்பையும் பிழைப்பையும் இழுத்தது. மருந்துக் கடைக்கே திரும்பிப் போ என்று கீட்ஸிடம் சொன்னது. எழுதியவர் பெயர் இருக்காது, 'இசட்' என்ற ஓரெழுத்துதான் இருக்கும். என் கோபமெல்லாம் அந்த ஓரெழுத்தின் மேல்தான். பெயர் தெரிந்தால் பதில் எழுதலாம். இல்லாதபோது யாருக்கு எழுதுவது?

'லண்டன் மேகசின்' ஆசிரியரான ஸ்காட் அந்த முகமூடியை இழுத்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் மருமகன் லாக்ஹார்ட்தான் இதற்கெல்லாம் பின்னால் இருக்கிறார் என்று அச்சிட்டார். லாக்ஹார்ட் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அந்தப் பத்திரிகையை நடத்துவது நீங்கள் இல்லை என்று முதலில் சொல்லுங்கள் என்றார் ஸ்காட். லாக்ஹார்ட் பிறகு அறிக்கை வெளியிட்டார். ஊரார் படித்த பிரதியில் அந்த மறுப்பு இருந்தது, ஸ்காட்டுக்கு வந்த பிரதியில் இல்லை! அப்புறம் தகராறு லாக்ஹார்ட்டின் நண்பர் கிறிஸ்டியின் கைக்கு மாறியது. ஸ்காட் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார்.

பிப்ரவரி 16, இரவு ஒன்பது மணி, லண்டனின் சாக் ஃபார்ம், நிலா வெளிச்சம். முதல் சுற்றில் கிறிஸ்டி வேண்டுமென்றே குறியை விலக்கிச் சுட்டார். ஸ்காட்டுக்கு அது தெரியவில்லை. சண்டை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு நிற்கும்போது, இந்தத் தடவை குறிபார்த்துச் சுடு என்று கிறிஸ்டியின் துணையாள் டிரெயில் சொன்னது ஸ்காட்டின் காதில் விழுந்தது. அப்படியானால் முதலில் அவர் என்னைச் சுடவில்லையா என்று திகைத்துக் கேட்டார். ஸ்காட்டின் துணைக்கு வந்த பாட்மோர், இப்போது பேசக்கூடாது, சுடுவதுதான் வழி என்றார். ஒரு நிமிடம் பேசவிட்டிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார்.

குண்டு வயிற்றில் பாய்ந்தது. பிப்ரவரி 27-இல் ஸ்காட் இறந்தார். அதற்கு நாலு நாள் முன்புதான் ரோமில் கீட்ஸ் காசநோயால் இறந்திருந்தார். கிறிஸ்டியும் டிரெயிலும் ஏப்ரலில் விடுதலையானார்கள். லாக்ஹார்ட் 1825-இல் 'குவார்ட்டர்லி ரெவ்யூ'வின் ஆசிரியரானார். ஸ்காட்டின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நண்பர்கள் நிதி திரட்டினார்கள்.