அரைமண்டியில் அளவெடுங்கள்

அவையோர்க்கு வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசும் தறிகளில் வெண்பட்டும் பிறக்கிற ஊர் சேலம். வெள்ளியைப் பற்றியும் பட்டைப் பற்றியும் இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் பெண்ணுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் என்றதும் இங்கேயும் பலர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. பிள்ளையை நிமிர்ந்து நிற்கவைத்து அளவெடுத்து உடை தைத்துவிடுகிறார்கள். அவளோ மேடையில் பெரும்பாலும் அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், இருக்கப்போகிறாள்.

பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் அபிநயத்தை, அதாவது பொருளை வெளிப்படுத்தும் கலையை, ஆங்கிகம், வாசிகம், ஆகார்யம், சாத்துவிகம் என நான்காகப் பிரிக்கிறது. உடை, நகை, ஒப்பனை மூன்றும் ஆகார்யம். முத்திரைக்கு உள்ள மரியாதை அதற்கும் உண்டு. பரதநாட்டியம் சதிர் என்ற பெயரில் ஆடப்பட்ட காலத்தில் கால்சட்டைக்கு மேல் புடவையைச் சுற்றிக் கட்டினார்கள். 1935இல் கலாக்ஷேத்திராவின் நிறுவனர் ருக்மிணி தேவி மேடையேறிய பிறகுதான் இன்றைய தைத்த உடை வேரூன்றியது.

ரவிக்கை, கால்சட்டை, முன்விசிறி (இரு காலுக்கும் நடுவே விரியும் மடிப்புத் துணி), மேலாக்கு, இடுப்புத் துண்டு என ஐந்து உருப்படிகள் ஒரே பட்டுப்புடவையில் அடங்கும். இரு பக்கக் கரையும் ஒரே அகலத்தில் இருக்கும் புடவையாக வாங்குங்கள். விசிறிக்கும் காலோரத்துக்கும் கரைதான் அழகு. உடல் முழுக்கச் சரிகை வேண்டாம். மடிப்பு கூர்மையாக நிற்காது, கனமும் கூடும்.

கால்சட்டைக்கு மூன்று முறை அளவெடுக்க வேண்டும்: நின்று ஒரு முறை, அரைமண்டியில் ஒரு முறை, முழுக்கக் குந்தும் முழுமண்டியில் ஒரு முறை. நின்ற அளவை மட்டும் நம்பினால் முழங்காலில் பிடிக்கும், பின்பக்கம் கீழே இழுக்கும், தீர்மானத்தின் (வேகமான அடவுக் கோவையின்) நடுவில் கவட்டுத் தையல் பிரியும். கவட்டில் ஒரு சதுரத் துண்டு கூடுதலாக வைத்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். விசிறியின் இரு ஓரமும் இரு காலோடு பிணைந்திருக்கும். மடிப்பு குறைந்தால் அரைமண்டியில் அது விரியாது, காலைத்தான் இழுக்கும். நீளம் மிகுந்தால் கட்டைவிரலில் சிக்கும். உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைப்பது கட்டாயம். வளர்கிற பிள்ளை என்பதால் பக்கத் தையல்களில் 2 அங்குலம் உள்ளே மடித்து வைக்கட்டும்.

நகையில் ஒரே ஒரு எச்சரிக்கை. தலைநகையில் வகிட்டுக்கு வலப்புறம் சூரியன், இடப்புறம் சந்திரன். எதிரில் நின்று மாட்டிவிடுகிறவரின் வலக்கை ஆடுகிறவளின் இடப்பக்கம் என்பதால் இது அடிக்கடி மாறிப்போகிறது. மாங்காமாலையை ரவிக்கையோடு ஊசி குத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குதிப்புக்கும் முகவாயில் வந்து மோதும்.

இனிச் சலங்கை. கொலுசு ஊர் என்பதால் 'வெள்ளியிலேயே செய்துவிடலாமே' என்று கேட்கத் தோன்றும். வெள்ளி மென்மையானது. பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவில் நசுங்கும், நாதமும் நிற்காது. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் வெண்கலம்தான் சொல்கிறது: நல்ல நாதமுள்ள மணிகளை நீல நூலில் முடிச்சிட்டுக் கோத்து, காலுக்கு நூறோ இருநூறோ கட்ட வேண்டும். இன்று தோல் பட்டையில் வரிசையாகத் தைத்துத் தருகிறார்கள். சிறு பிள்ளைக்கு மூன்று வரிசை தாராளம். கனமான சலங்கை கட்டினால் கால் தூக்கத் தயங்கும், தாளம் பின்தங்கும். வாங்கும்போது ஒவ்வொரு மணியாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே குண்டு இல்லாத ஊமை மணிகளும் கலந்திருக்கும். பட்டை கணுக்கால் எலும்புக்கு மேலே உட்கார வேண்டும். எலும்பின் மேலேயே கட்டினால் நாலாவது நடனத்துக்குள் தோல் உரிந்துவிடும். அடியில் பருத்தித் துணி சுற்றிக்கொள்வது நல்லது.

அலங்கரிக்கும் வரிசை: முகம், கூந்தல், தலைநகை, பிறகு உடை, ஒட்டியாணம். உடைக்கு முன்பே பிள்ளையைக் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். அத்தனை கொக்கியையும் மறுபடி அவிழ்க்கிற பொறுமை யாருக்கும் இருக்காது. சலங்கை கடைசி. குருவின் கையால் வாங்கிக் கட்டிய பிறகு செருப்புப் போடுவதில்லை.

ஆடி முடித்ததும் உடையை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயவிடுங்கள். வியர்வை பட்டால் வெள்ளிச் சரிகை கறுக்கும். கொலுசு கறுப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வாசனைத் தெளிப்பான் கூடவே கூடாது. பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஏற்காடு கோடை விழா மேடையில் ஆடிவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலையின் ஈரம் பட்டில் தங்கும், சலங்கையின் தோல் பட்டையில் பூஞ்சை பிடிக்கும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வீடு வந்த அன்றிரவே பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொடியில் போட்டுவிடுங்கள்.