கோணல் எழுத்துக்கு ஒரு நல்ல வார்த்தை

நேயர்களுக்கு வணக்கம். எல்கேஜி படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், புள்ளி வைத்த எழுத்து நோட்டும் பெரும்பாலும் இருக்கும். புள்ளிகளின் மேல் பென்சிலை ஓட்டினால் 'அ' வந்துவிடும். பக்கம் பக்கமாக அழகான எழுத்து. பார்க்கிற பெற்றோருக்கும் திருப்தி. அந்த நோட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாங்களாகவே எழுதினார்கள். சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் வரைந்தார்கள். சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். அப்புறம் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதே எழுத்துகளைக் காட்டினார்கள். பெரியவர்கள் வாசிக்கும்போது இயங்குகிற மூளைப் பகுதிகள், தானாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கு மட்டும் நன்றாக இயங்கின. மற்ற இரண்டுக்கும் அப்படி இல்லை.

ஏன்? பிள்ளை தானாக எழுதும் 'அ' ஒருமுறை சாயும், ஒருமுறை வயிறு பெருக்கும், ஒருமுறை வாலே இல்லாமல் நிற்கும். இத்தனை கோணலிலும் மாறாமல் இருப்பது எது என்று மூளை பிடித்துக்கொள்கிறது என்பதுதான் ஜேம்ஸ் தரும் விளக்கம். புள்ளிக் கோட்டில் அந்த வேறுபாடே கிடையாது. எங்கே தொடங்குவது, எங்கே வளைப்பது என்பதையும் அச்சகக்காரரே முடிவு செய்துவிட்டார். சிறிய ஆய்வுதான், இதை வைத்து நோட்டைக் கொளுத்தச் சொல்லமாட்டேன். விஜயதசமியன்று தாத்தா விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பதும் ஒரு வகையில் புள்ளிக் கோடுதானே! மறுநாள் அதே தட்டைப் பிள்ளையிடம் தனியாகக் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

பெற்றோர் ஆசிரியரிடம் சொல்லும் ஒரு புகார்: "மிஸ், இவன் 'ட'வைத் திருப்பிப் போடுகிறான்." பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எழுத்தை அடையாளம் காணும் மூளைப் பகுதி, வாசிப்பு வருவதற்கு முன்பு முகங்களையும் பொருள்களையும் பார்த்துப் பழகியது. கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான். எழுத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது என்பதைப் பிள்ளை புதிதாகக் கற்கவேண்டும். ஐந்து, ஆறு வயதில் திருப்பி எழுதுவது மந்தபுத்தி அல்ல. பத்து முறை எழுது என்று தண்டிக்காமல், சரியான எழுத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். ஏழெட்டு வயதிலும் தொடர்ந்து, வாசிக்கவும் திணறினால் மருத்துவரைக் கேட்கலாம்.

மூன்று வயதுப் பிள்ளைக்கோ பென்சிலையே அவசரமாகத் திணிக்க வேண்டாம். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். சப்பாத்தி மாவை உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், தாளைக் கிழித்து ஒட்டட்டும்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். புள்ளி வைத்த பக்கம் ஒன்று முடிந்ததும், கோடே போடாத பக்கம் ஒன்று கொடுங்கள். அதில் வருவதற்குச் சிவப்பு மை வேண்டாம். பெற்றோர் கேட்டால், வானொலியில் சொன்னார்கள் என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். வணக்கம்.