எப்போது மாறினீர்கள்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், அலுவலகத்தில் முறுக்குத் தட்டு மேசை மேசையாகச் சுற்றி வரும்போது, ஆண்டுதோறும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நீங்கள் எப்போது மாறினீர்கள்?" கேட்பவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். என் பாட்டனாருக்கும் முந்தைய தலைமுறையிலிருந்தே நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நான் எதிலிருந்தும் மாறவில்லை என்று சொன்னால், "அப்படியானால் பூர்விகம் கேரளாவா?" என்பது அடுத்த கேள்வியாக வருகிறது. சிங்கப்பூரின் ஓஃபீர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து அன்னை ஆலயம் 1888ஆம் ஆண்டிலிருந்து அங்கேதான் நிற்கிறது. தேக்கா சந்தைக்கு நடந்தே போய்விடலாம். இருந்தும் தமிழர் ஒருவர் கிறிஸ்தவராக இருப்பதற்கு ஏதோ ஒரு விளக்கம் தேவைப்படுகிறது.

இது சிறிய விஷயம். சிரித்துவிட்டு முறுக்கை எடுத்துக்கொள்ளலாம். இன்று நான் பேச வந்தது இதைவிட ஆழமான ஒரு தவறான எண்ணத்தைப் பற்றி. கிறிஸ்தவர்கள் பிடிவாதக்காரர்கள், தங்களை மற்றவரைவிடப் புனிதர்களாக நினைப்பவர்கள் என்ற எண்ணம் அது.

பிடிவாதம் என்ற குற்றச்சாட்டுக்கு வயது அதிகம். ஏறத்தாழ கி.பி. 112இல், இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட பிளினி என்ற ரோமானிய ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் நம் கையில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் மூடிய கதவுக்குப் பின்னால் நரமாமிசம் உண்கிறார்கள் என்ற வதந்தி ரோமானிய உலகில் நெடுங்காலம் உலவியது. பிளினி விசாரித்தபோது தெரிய வந்ததோ, அவர்கள் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு எல்லாரும் உண்ணும் சாதாரண உணவையே உண்கிறார்கள் என்பதுதான். ஆனால் அதற்கு முன்பே, கேட்டபோது மறுதலிக்காதவர்களை அவர் கொலைக்களத்துக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் நம்புவது எதுவாயினும், அந்தப் பிடிவாதமே தண்டனைக்குரியது என்று காரணமும் எழுதினார்.

சிங்கப்பூரில் நம்மை யாரும் கொலைக்களத்துக்கு அனுப்பவில்லை. அந்த ஒப்புமையை மிகைப்படுத்தினால் நகைப்புக்கு இடமாகும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். புனித வெள்ளி பொது விடுமுறை. துன்புறுத்தப்படும் சிறுபான்மை என்ற வேடம் நமக்குப் பொருந்தாது. ஆனால் பிடிவாதம் என்ற சொல் மட்டும் இன்னும் ஒலிக்கிறது, அதுவும் பெரும்பாலும் சாவு வீட்டில்.

என் உறவினர் ஒருவரின் தந்தை இந்து. மூத்த மகனான இவர் மட்டும் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகள் வாரத்திற்கு மூன்று முறை தந்தையை டயாலிசிஸ் நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிச் சென்றவர் அவர்தான். அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் உடலைக் கிடத்தியிருந்தபோது, வாய்க்கரிசி போடுவதற்கு அழைத்தார்கள்; அவர் கைகளைக் கட்டியபடி தலைகுனிந்து நின்றார். "பெற்ற அப்பனுக்கு ஒரு பிடி அரிசி போட மாட்டானாம்" என்று பின்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு குரல் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது. சடங்குகளைத் தம்பி செய்தார். மண்டாய் தகனச்சாலையில் மூத்தவர் பெட்டிக்குத் தோள் கொடுத்தபோதும் அவருடன் யாரும் பேசவில்லை.

நானாக இருந்தால் அரிசியைப் போட்டிருப்பேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையே இந்தக் கேள்வியோடு நூற்றாண்டுக் கணக்கில் போராடியது. சீனர்கள் முன்னோருக்குச் செய்யும் வணக்கம் வழிபாடா, மரியாதையா என்று விவாதித்துப் பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமாபுரி அதைத் தடை செய்தது. 1939இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், அது குடும்ப மரியாதையாகக் கொள்ளத்தக்கது என்று தடை தளர்ந்தது. அதனால்தான் இங்கே சீனக் கத்தோலிக்கர் ஒருவர் தாத்தாவின் படத்துக்கு முன் ஊதுபத்தி ஏந்துவதையும், அவருடைய புராட்டஸ்டண்ட் மைத்துனர் அருகில் வெறுங்கையோடு நிற்பதையும் ஒரே சாவு வீட்டில் பார்க்கலாம். "கிறிஸ்தவர்கள் இப்படித்தான்" என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் இவ்விருவரில் யாரைச் சொல்கிறார்கள்? கைகட்டி நின்ற என் உறவினரும் தந்தையை அவமதிக்கவில்லை. பொய்யாக ஒரு செயலைச் செய்வதுதான் அவமதிப்பு என்று அவர் கருதினார். அவர் முடிவை ஏற்காத எனக்கும் அது விளங்குகிறது.

அதே நேரத்தில், இந்தப் பெயரை நாங்களும் கொஞ்சம் தேடிக்கொண்டோம். மருத்துவமனையில் வலியில் கிடப்பவரின் படுக்கையருகே துண்டுப் பிரசுரம் நீட்டியவர்கள் எங்களில் இருந்திருக்கிறார்கள். 2009இல் ஒரு பெண்கள் அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்த புதிய செயற்குழுவில் பலர் ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் என்று தெரிய வந்தபோது ஊரே அதிர்ந்தது. தேவாலயங்கள் இதில் தலையிடுவதை ஏற்கவில்லை என்று தேசிய தேவாலய மன்றமே சொல்ல வேண்டியிருந்தது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியதற்கான பின்னணியில், எல்லை மீறிய சுவிசேஷ ஊழியத்தைப் பற்றிய புகார்களும் இருந்தன. இவற்றை மறைத்துக்கொண்டு "எங்களைத் தவறாக எண்ணுகிறார்கள்" என்று மேடையில் முழங்குவது நேர்மையாகாது.

புனிதர்கள் என்று எங்களை நாங்களே எண்ணிக்கொள்வதாகச் சொல்கிறார்களே, அதற்கு வருகிறேன். எந்த மதத்தையும் சாராத என் அலுவலகத் தோழர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குத் தேக்கா செல்லும் வழியில் என்னுடன் தமிழ்த் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். தொடக்கத்திலேயே எல்லாரும் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று சொன்னோம். எனக்கு முன்னால் நின்ற எண்பது வயதுப் பாட்டியின் வளையல்கள் ஒவ்வொரு தட்டுக்கும் ஒலித்தன. தோழர் என் காதருகே குனிந்து, "இந்தப் பாட்டி அப்படி என்ன செய்துவிட்டார்?" என்று கேட்டார். பூசை முடிந்து வாழையிலையின் முன் உட்கார்ந்த பிறகும் அவர் அந்தக் கேள்வியை விடவில்லை. சோறு ஆறும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.