புல்லைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகும் மாணவர்கள்

வணக்கம் நேயர்களே.

நெல் நட்ட வயலில் களையெடுக்கும் பெண்களின் கையைக் கவனித்திருப்பீர்கள். கதிர் வராத இளம் பருவத்தில் நெல்லும் குதிரைவாலிக் களையும் பார்க்க ஒன்றுபோலத்தான் நிற்கும். ஆனாலும் கை தப்பாமல் களையைத்தான் பிடுங்கும். பழக்கமில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இலை தண்டை விட்டுப் பிரிகிற மடிப்பை மெல்ல விலக்கிப் பாருங்கள். நெல்லில் உள்பக்கமாக வெள்ளைச் சவ்வு ஒன்று, நுனி இரண்டாகப் பிளந்து நிற்கும். குதிரைவாலியில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. அந்தச் சவ்வுக்கு லிக்யூல் என்று பெயர். பூக்காத புல்லையும் அடையாளம் காட்டிக் கொடுக்கிற உறுப்பு அது.

இதை ஒரு படிப்பாகவே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், வயோமிங், யூட்டா, மொன்டானா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில், உழவுக்கு ஆகாத வறண்ட மேய்ச்சல் நிலம் கோடிக்கணக்கான ஏக்கர் கிடக்கிறது. அந்த நிலத்தைப் பேணுவதற்கென்றே பல்கலைக்கழகங்களில் தனித் துறை உண்டு. அந்த மாணவர்கள் கூடி நடத்தும் மன்றம்தான் 'ரேஞ்ச் கிளப்'. 1948இல் தொடங்கிய மேய்ச்சல் நில மேலாண்மைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இந்த மன்றங்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். மெக்சிகோ, கனடா மாணவர்களும் வருவார்கள்.

மேசைமேல் வரிசையாக 100 தாவரங்கள், உலர்த்தி அட்டையில் ஒட்டியவை. ஒன்றுக்கு 60 விநாடி. அதற்குள் குடும்பம், பேரினம், சிற்றினம் மூன்றையும் லத்தீனில் எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் குறையும். ஓராண்டுப் புல்லா பல்லாண்டுப் புல்லா, மண்ணின் செடியா வெளியிலிருந்து வந்ததா என்பதையும் எழுத வேண்டும். 200 தாவரங்கள் கொண்ட பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்கும். ஆனால் எந்த 100 வரும் என்று தெரியாது.

வெறும் மனப்பாடப் போட்டிதானே என்று தோன்றலாம். அப்படியில்லை. ஓராண்டா பல்லாண்டா என்று கேட்டேனே, அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே சீட்கிராஸ் என்று ஒரு புல் இருக்கிறது. ஐரோப்பா, ஆசியா பக்கமிருந்து வந்த ஓராண்டுப் புல். இலையுதிர் காலத்தில் முளைத்து, வசந்தத் தொடக்கத்தில் பச்சைப் பசேலென்று நிற்கும். பார்க்கிறவருக்கு நிலம் செழிப்பாக இருப்பதாகத் தோன்றும். கோடை தொடங்கும்போதே காய்ந்து சருகாகிவிடும். பிறகு ஒரு தீப்பொறி போதும். எரிந்த இடத்தில் மறுபடி முந்தி முளைப்பதும் அதுதான். பக்கத்தில் நிற்கும் பல்லாண்டுப் புல்லோ ஆழ வேர்விட்டு, மேலே கடித்தாலும் அடித்தூரிலிருந்து துளிர்க்கும். இரண்டும் பச்சைதான். எது எது என்று தெரியாதவர் அந்த நிலத்தில் எத்தனை மாடு விடலாம் என்று எப்படிச் சொல்வார்?

இன்னொரு புல் நமக்கு மிகவும் வேண்டப்பட்டது. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் வெள்வேல மரத்தடியில் வளரும் கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாட்டுக்கும் செம்மறிக்கும் அதுதான் ஆதாரம். அதே புல்லைத் தீவனத்துக்கென்று அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது டூசான் நகரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் தானாகப் பரவி, தீயைத் தாங்கப் பழகாத சாகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே தீயைக் கொண்டுபோகிறது. அதனால் அங்கே ஆட்கள் கூடி அதைத் தோண்டி எடுக்கிறார்கள். புல் நல்லதா கெட்டதா என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. பெயரோடு பிறந்த இடத்தையும் எழுதச் சொல்வது அதனால்தான்.

நம் வேளாண் கல்லூரி, கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இப்படி ஒரு மன்றம் தொடங்கினால் முதல் வேலை அட்டை தயாரிப்பதுதான். புல்லை இழுத்துப் பிடுங்காதீர்கள், அடி அறுந்துவிடும். சிறு மண்வெட்டியால் வேரோடு தோண்டுங்கள். ஓராண்டா பல்லாண்டா என்பதை அடித்தூரும் வேரும்தான் சொல்லும். மண்ணைக் கழுவி, நீளமான புல்லை V வடிவிலோ N வடிவிலோ மடித்து, செய்தித்தாளுக்குள் வைத்துப் பலகையிட்டு அழுத்திக் கட்டுங்கள். முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்ற வேண்டும். ஈரத்தாளிலேயே விட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். இடம், தேதி, மண் வகை மூன்றையும் அன்றே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எந்தக் கட்டு எங்கே எடுத்தது என்று குழம்பும்.

ஒரு புல்லுக்கு ஒரே அட்டை போதாது, மூன்று நான்கு வேண்டும். ஒரே அட்டையில் படித்தால் மூலையிலுள்ள கறையைப் பார்த்தே பெயர் சொல்லப் பழகிவிடுவார்கள். காட்டில் உயிரோடு நிற்கும் புல்லைப் பார்த்தால் தெரியாது. கதிர் உள்ளது, கதிர் இல்லாதது, ஆடு கடித்தது என்று வேறுவேறாக வையுங்கள். கதிர் இல்லாததுதான் முக்கியம், மறுபடியும் சொல்கிறேன். மேய்ந்த நிலத்தில் பெரும்பாலும் கதிர் இருக்காது. மடிப்பை விலக்கி லிக்யூலைப் பாருங்கள். நெல்லில் சவ்வு, கொழுக்கட்டைப்புல்லில் அதே இடத்தில் மெல்லிய மயிர் வரிசை.

நேரம் குறைவாக இருக்கிறது. நிலத்தில் எவ்வளவு தீவனம் இருக்கிறது என்று அளக்கும் முறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2 மீட்டர் கம்பியை வளைத்தால் பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். எண்ணிவைத்த அடிகளில் நடந்து, நிற்கிற இடத்தில் போடுங்கள். செழிப்பான இடமாகத் தேடிப் போட்டால் கணக்கு ஏறிவிடும். சதுரத்துக்குள் வேர் உள்ள புல்லை மட்டும் தரையொட்டி அறுங்கள். சென்ற ஆண்டின் சருகைத் தனியாக வையுங்கள். எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, அப்புறம் நிறுங்கள். பச்சையாக நிறுத்தால் தண்ணீரைத்தான் நிறுக்கிறீர்கள். பத்து இடத்தின் சராசரியை 16ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று வரும். 40 கிராம் என்றால் 640 கிலோ. பாதியைப் புல்லுக்கே விடுங்கள். மீதியில் பாதி மிதிபட்டும் பூச்சி தின்றும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் ஆட்டுக்கு 160 கிலோ. 30 கிலோ செம்மறி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர் தீவனம் தின்னும். ஆகவே ஒரு ஏக்கரில் பத்து ஆட்டுக்கு 16 நாள். அதற்குமேல் அந்த இடத்தில் வைக்க வேண்டாம்.

கிளுவை வேலியையும் பட்டி மாற்றி மேய்ப்பதையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும்: மழை பெய்து துளிர்த்த உடனே ஆட்டை உள்ளே விடாதீர்கள். வேரிலும் அடித்தூரிலும் சேர்த்துவைத்ததைச் செலவழித்துத்தான் புல் துளிர்க்கிறது. ஒரு சாண் உயரமாவது வளரட்டும். நன்றி, வணக்கம்.