சின்ன கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கு, மெடிகேர் பார்ட் பி எடுக்கணுமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "என் கணவருக்கு செப்டம்பர்ல 65 ஆகுது. ரெண்டு பேரும் என் கம்பெனி இன்சூரன்ஸ்ல இருக்கோம். கம்பெனியில 14 பேர்தான். அவர் பார்ட் பி எடுக்கணுமா, இல்ல நான் ரிட்டயர் ஆகும்போது எடுத்துக்கலாமா?"

இப்பவே எடுக்கணும்மா. மெடிகேர்ங்கிறது 65 ஆனவங்களுக்கு அமெரிக்க அரசு தர்ற இன்சூரன்ஸ்; அதுல டாக்டர் செலவைப் பாத்துக்கிற பகுதிதான் பார்ட் பி.

மெடிகேரும் வேலை மூலமா வர்ற இன்சூரன்ஸும் ஒருத்தருக்கே இருந்தா யார் முதல்ல பணம் கட்டணும்னு வரிசை இருக்கு. 65 தாண்டினவங்களுக்கு, கம்பெனியில 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கம்பெனி பிளான் முதல்ல, மெடிகேர் ரெண்டாவது. 20-க்குக் கீழன்னா மெடிகேர்தான் முதல்ல. பிளான் உங்க வேலையால வந்ததா இருந்தாலும் அவருக்கு இதே கணக்குதான். பார்ட் டைம் ஆட்களையும் சேர்த்துத்தான் எண்ணணும்.

ஒரு பில்லை எடுத்துக்குவோம். டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாமளே கட்டுற தொகை) கட்டி முடிச்சாச்சு, மெடிகேர் ஒத்துக்கிட்ட தொகை 1000 டாலர்னு வைங்க. மெடிகேர் 80 சதவீதம், அதாவது 800 கட்டும். மிச்சம் 200 கம்பெனி பிளானுக்குப் போகும். பார்ட் பி இல்லைன்னா, மெடிகேர் கட்டியிருக்க வேண்டியதைக் கழிச்சுட்டுத்தான் பல பிளான்கள் தரும். அந்த 800 உங்க தலையில விழும். சில சமயம் பிளான் கவனிக்காம முழுசா கட்டிடும். பிறகு வயசைப் பாத்துட்டு டாக்டர் ஆபீஸ்கிட்ட பணத்தைத் திருப்பிக் கேக்கும். அவங்க உங்களுக்கு பில் அனுப்புவாங்க. ஆறு மாசத்து பில் ஒண்ணா வந்தா குடும்பம் தாங்காது.

"வேலை இன்சூரன்ஸ் இருந்தா பார்ட் பி-யைத் தாமதமா எடுத்தாலும் அபராதம் இல்ல"ன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. அது உண்மைதான், சின்ன கம்பெனிக்கும் பொருந்தும். ஆனா அபராதம் இல்லைங்கிறது வேற, பில்லுக்குப் பணம் வர்றது வேற. இங்கதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. 2025-ல பார்ட் பி சாதாரண பிரீமியம் மாசம் 185 டாலரா இருந்துச்சு. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க.

அவருக்கு பார்ட் பி-ல சேர ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஏழு மாசம் டைம் இருக்கு. ஆகஸ்ட் முடியுறதுக்குள்ள சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல விண்ணப்பிச்சா செப்டம்பர் 1-ல இருந்தே கவரேஜ். தள்ளினா அடுத்த மாசம்தான் ஆரம்பிக்கும்.

விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட ஒண்ணு எழுத்துல வாங்குங்க: "65 ஆனவருக்கு இந்த பிளான் முதல்ல கட்டுமா, ரெண்டாவதா?" பல கம்பெனி சேர்ந்து நடத்துற பிளானா இருந்து, அதுல ஒரு கம்பெனியிலயாவது 20 பேர் இருந்தா, பெரும்பாலும் வரிசை மாறிடும். அதனால 14-ங்கிற எண்ணை மட்டும் நம்பாதீங்க.

மெடிகேர் கார்டு வந்ததும் கிளினிக் கவுண்டர்ல ரெண்டு கார்டையும் கொடுத்து, "மெடிகேர் பிரைமரி"ன்னு, அதாவது மெடிகேர்தான் முதல்ல கட்டணும்னு, வாயால சொல்லுங்க. ஒரே ஒரு கார்டைக் காட்டினா அதையே முதல்ல போட்டுடுவாங்க, க்ளெய்ம் திரும்பி வரும். மெடிகேர் பதிவுலயே வரிசை தப்பா இருந்தா, டாக்டர் ஆபீஸால அதை மாத்த முடியாது. மெடிகேரோட ஒருங்கிணைப்பு மையம் 1-855-798-2627-க்குக் கூப்பிட்டு நீங்களே திருத்தணும்.

இன்னொண்ணு, அவர் பேர்ல ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கு வரி இல்லாம சேமிக்கிற) கணக்கு இருந்தா, மெடிகேர் ஆரம்பிக்கிற மாசத்திலிருந்து அதுல பணம் போடக்கூடாது. உங்க பேர்ல இருக்கிற கணக்குக்கு இந்தத் தடை இல்ல.

நீங்க ரிட்டயர் ஆகி கம்பெனி பிளான் நின்னதும், 63 நாளுக்குள்ள அவருக்கு மெடிகேப் பாலிசிக்கு (மெடிகேர் கட்டாத மிச்சத்தைக் கட்டுற தனியார் பாலிசி) விண்ணப்பிச்சிடுங்க. அந்த நாளுக்குள்ளன்னா குறிப்பிட்ட சில பிளான்களை, உடம்புல என்ன நோய் இருந்தாலும், மறுக்காம கொடுத்தாகணும். பிளான் நின்ன தேதி போட்ட கடிதத்தைக் கண்டிப்பா பத்திரமா வைங்க, அதைத்தான் கேப்பாங்க.